சிவப்புப் பதாகை

கொசுப்புழு தேடுவது என் வேலை.
கையில் டார்ச், ஒரு சொட்டுக்குழாய்,
நீல மூடி போட்ட சின்னக் குப்பி.
பூந்தொட்டித் தட்டு, அடைத்த சாக்கடை, வெட்டிய மூங்கில்,
தண்ணீர் தேங்கும் இடமெல்லாம்
குனிந்து குனிந்து பதினோரு வருஷம்.
இந்தத் தீவில் அண்ணாந்து பார்ப்பவர்கள் நிறைய.
அதனால்தானோ என்னவோ
குனிந்திருந்தவளிடம் வந்தது.

மூங்கில் குழியில் நேற்றைய மழை.
விளிம்பில் அது.
துருப்பிடித்த வால்,
கண்ணுக்கு மேல் சுண்ணாம்புக் கீற்று.
நான் எடுக்கவிருந்த புழுவை
எனக்கு முன்னால் எடுத்துத் தின்றது.
பிறகு மூன்று சத்தம்:
இரண்டை வெளியே விட்டு
மூன்றாவதை விழுங்கிக்கொண்டது.

போனில் பிடித்ததை ரொஹாயாவுக்கு அனுப்பினேன்.
அவள் யாருக்கோ அனுப்பினாள்.
இரவு பதினொன்றரைக்கு ஒரு பெண் அழைத்து
டாக்டர் குவெக் என்றார்.
அதற்குமேல் பேச்சில்லை.
அழுகிறாரா, லைன் போய்விட்டதா என்று தெரியாமல்
ஹலோ, ஹலோ என்றுகொண்டிருந்தேன்.

அருங்காட்சியகத்தில் ஓர் இழுப்பறையைத் திறந்து காட்டினார்.
மல்லாந்து கிடந்தது,
கண்ணிருந்த இடத்தில் பஞ்சு.
காலில் கட்டிய சீட்டில்
பழுப்பு மையில் ஓர் ஆண்டு, ஒரு ரப்பர் தோட்டம்
(அந்தத் தோட்டத்தில்தான் இப்போது நான் பஸ் மாறுகிறேன்).
அடியில் பென்சிலில் வேறு கை:
'இதற்குப் பின் இல்லை.'

பார்த்தவரை எழுதியிருக்கிறார்கள்.
நானும் தினம் எழுதுகிறவள்தான்:
'சோதித்தேன். ஒன்றுமில்லை.'
இல்லை என்று எழுதுவது எவ்வளவு சுலபம் என்று
எனக்குத் தெரியும்.

கூட்டத்தில் ஆறு பேர்.
பசைக்குச்சிக்காரன் விலைக்குப் பிடிப்பான் என்றார் ஒருவர்.
கேமராக்காரர்கள் அன்புக்குப் பிடிப்பார்கள் என்றார் குவெக்.
அதன் குரலையே ஸ்பீக்கரில் போட்டு
வா வா, இன்னொருத்தி இருக்கிறாள் என்று
நாளெல்லாம் அலைக்கழிப்பார்களாம்.
வேலி போடலாமா?
வேலி போட்டால் உள்ளே என்ன என்று கேட்பார்கள்.

நம்மூரில் எதைக் கண்டால் சனம் விலகி நடக்கும்?
நான்தான் கேட்டேன்.
சிரித்தார்கள்.
பிறகு ஒருவர் சிரிப்பதை நிறுத்தினார்.

இரண்டு கையெழுத்து, ஒரு முத்திரை.
ஒற்றையடிப் பாதைக்குக் குறுக்கே
நானே கட்டினேன், நான்கு மொழியிலும்
டெங்கி அபாயம், சிவப்பில்.

அன்று முதல் அங்கே புகையடிப்பதில்லை.
வீடு வீடாய்ப் போய்த் தட்டைக் கவிழ்க்கச் சொல்கிறவள்
மழையில்லாத பிப்ரவரியில்
தண்ணீர் பாட்டிலோடு காட்டுக்குப் போகிறேன்.
எந்த வீட்டுக்கும் கொசு எட்டாத தூரம்,
அளந்துதான் அனுமதித்தார்கள்.
இருந்தும் நான் பார்க்கும் புளோக் ஒன்றில்
ஒரு பிள்ளை காய்ச்சலில் கிடந்த வாரம்
குழிக்குப் போக முடியவில்லை.
அளந்த தூரத்தை மறுபடி அளந்தேன்,
மனசுக்குள், மின்தூக்கியில், இரண்டு முறை.
பிள்ளை எழுந்து பள்ளிக்குப் போன பிறகே
பாட்டிலை நிரப்பினேன்.

எங்கே என்று கேட்காதீர்கள்.
கிராஞ்சி என்று நினைத்தால் கிராஞ்சி.
உபின் என்றால் படகேறிப் பாருங்கள், கடல்காற்று நல்லது.
பெயரையும் சொல்லமாட்டேன்.
படிவத்தில் அந்தக் கட்டத்துக்கு நேரே
வழக்கம்போல் எழுதுகிறேன்:
'சோதித்தேன். ஒன்றுமில்லை.'

போன சனிக்கிழமை ஒருவர் வந்தார்,
தோளில் பீரங்கி மாதிரி லென்ஸ்.
பதாகையைப் படித்தார்.
கடிக்காத இடத்தில் பட்டென்று அடித்துக்கொண்டு
திரும்பி நடந்தார்.
அவர் பின்னால், மூங்கிலுக்குள்,
இரண்டு சத்தம்.